குழாயைச் சுற்றியிருந்த கொழுப்பு

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஐஸ் பெட்டி வந்து சேர்ந்தபோது தங்கைக்குக் கால் கடுத்துப்போயிருந்தது. காலையிலிருந்து ஆய்வுக்கூடத்தில் நின்ற நிலைதான். பெட்டிக்குள் ஒரு குப்பி, அதில் விரல் நுனியளவு மஞ்சள் கொழுப்பு. குப்பியின் மேல் பெயர் எழுதமாட்டார்கள், எண்தான் இருக்கும். ஆனால் அன்று எடை குறைப்பு ஆபரேஷன் ஒருவருக்கு மட்டுமே. அது அவளுடைய அக்கா.

நேரே தலைமை ஆய்வாளரிடம் போனாள்.

"சார், இது எங்க அக்காவோடது. நான் தொடலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற யாரும்மா இருக்கா? ஒருத்தர் லீவு, ஒருத்தருக்குக் காய்ச்சல். நீங்க அதுல இருக்கற ரத்தக்குழாயைப் பிரிச்சு, சோதனையை ஓட்டிக் குடுங்க, முடிவை நான் தனியாப் பார்த்துக்கறேன். விட்டா கெட்டுப்போயிடும்."

அக்கா ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்தே பருத்தவள். அவளுடைய பிரஷர் மூன்று வகை மாத்திரைக்கும் மசியவில்லை. வாயைக் கட்டச் சொன்னார் டாக்டர். மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை என்றது வீடு. தங்கையும் சும்மா இருக்கவில்லை. அக்கா வீட்டுக் குப்பைக்கூடையில் காலி மாத்திரை அட்டை கிடக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்தவள்தான். அதை அக்காவும் பார்த்துவிட்டாள்.

ஆபரேஷனில் எடுக்கும் கொழுப்பில் கொஞ்சம் ஆய்வுக்குத் தரச் சம்மதம் கேட்டபோது அக்கா சிரித்தாள். "இத்தனை வருஷமா உனக்குக் கொழுப்பு, உனக்குக் கொழுப்புன்னு கரிச்சுக் கொட்டினீங்க. இப்ப அதையே கேட்டு வாங்கிக்கறீங்களாக்கும்!"

தங்கை மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். கொழுப்புக்குள் மயிரிழை மாதிரி ஒரு ரத்தக்குழாய் ஓடியது. கத்தரி கொஞ்சம் பிசகினாலும் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு துண்டு எடுத்தாள். ஒன்றைச் சுத்தமாக உரித்தாள். மற்றதில் சுற்றியிருந்த கொழுப்பை அப்படியே விட்டாள். இரண்டையும் மெல்லிய கம்பிகளில் கோத்து வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டு, சுருங்க வைக்கும் மருந்தை ஊற்றினாள். குழாய்கள் இறுகின. திரையில் கோடு ஏறியது. பிறகு தளர்த்தும் மருந்து.

ஒல்லியானவர்களின் குழாயில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அங்கே கொழுப்பு எதிரியல்ல. குழாய் தளர்வதற்கு வேண்டியதைத் தானே சுரந்து கொடுக்கும். உடம்பு பருக்கப் பருக்க அந்தக் கொழுப்பு வீங்கி, காற்றுக்குத் தவித்து, அழன்று போகிறது. கொடுப்பதை நிறுத்திவிடுகிறது.

உரித்த துண்டு சொன்ன பேச்சு கேட்டுத் தளர்ந்தது. கொழுப்போடு இருந்த துண்டு பிடித்த பிடியை விடவேயில்லை. தண்ணீரை மாற்றி மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதேதான். பருத்தவர்கள் பலரிடம் பார்த்த சங்கதிதான், புதிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இப்படி இறுகிக் கிடக்கும் குழாயோடு மாத்திரை மல்லுக்கட்டியிருக்கிறது. அவளோ காலி அட்டையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சாயங்காலம் வார்டுக்குப் போனாள். அக்காவின் உதடு வறண்டிருந்தது. கண் மட்டும் விழித்திருந்தது.

"வந்துட்டியா? என் கொழுப்பு என்னடி சொல்லுது?"

"ஒரு துண்டை வச்சு ஒண்ணும் முடிவு சொல்லக் கூடாதுக்கா."

"ஆபீஸ் பேச்சை விடு. எங்கிட்ட சொல்லு."

தங்கை கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "குழாய் நல்லாத்தான் இருக்கு. சுத்தி இருக்கறதுதான் அதைத் தளர விடமாட்டேங்குது."

"நம்ம வீடு மாதிரியா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "மாத்திரை ஒருநாள்கூட விடலடி" என்றாள்.

"தெரியும்க்கா."

"இப்பத்தானே தெரிஞ்சுது?"

"ஆமாக்கா... நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும்" என்றாள் தங்கை.

நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தார். இன்னும் ஏறித்தான் இருந்தது. தங்கையின் முகம் வாடியதைப் பார்த்து, "இன்னிக்கே இறங்கிடுமா? எடை குறையட்டும், போகப் போகப் பார்க்கலாம்" என்றார்.

"போகப் போக" என்று அக்கா திருப்பிச் சொன்னாள். அதில் ஆசையும் இல்லை, சலிப்பும் இல்லை. "எனக்கென்ன அவசரம்? நீ சாப்பிட்டியாடி?"

தங்கை இல்லையென்று தலையாட்டினாள். எழுந்து போய் ஏதாவது வாங்கிவரலாம் என்று நினைத்தபடியே நாற்காலியில் சாய்ந்தாள். அக்கா அடுத்து ஏதோ கேட்டாள். தங்கை அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அந்தத் தலைமாட்டு லைட்டை மட்டும் அணைச்சுட்டுப் போங்கம்மா" என்று நர்ஸிடம் அக்கா கிசுகிசுத்தாள். "பாவம், நாள் பூரா நின்னிருக்கா."