ஞாயிறு தவறினால்

தேவாலயத்தில் முதல் மணி அடித்தபோது குணரெத்தினம் மழைச்சட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். நாலு வயது மகள் றூபிக்கு நேற்றுப் பின்னேரம் தொடங்கிய காய்ச்சல். கடற்காற்று வேறு ஏறிக்கொண்டு வந்தது.

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் ஒரு ஞாயிறு அவன் தேவாலயத்துக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து பரீட்சைத் தாள் திருத்தினான். அந்த வியாழன் சூறாவளி கல்முனையைப் புரட்டிப் போட்டது. சுவர் விழுந்து மனைவி எஸ்தர் செத்தாள். அதன்பிறகு வந்த ஒரு வருடத்தில் ஒரு ஞாயிறும் அவன் தவறவிட்டதில்லை. தவறினால் அடுத்தது யாரென்று அவனுக்குத் தெரியும். வீட்டில் மிச்சம் ஒருத்திதான்.

மல்லித்தண்ணியோடு வந்த பக்கத்து வீட்டு சபியா உம்மா, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இந்த மழைக்குள் சைக்கிளில் கொண்டுபோகத்தான் வேணுமா என்று கேட்டாள். போகாமல் இருக்க ஏலாது என்றான்.

"கோயிலிலயும் இடாப்புக் கூப்பிடுறாங்களா மாஸ்டர்?"

அவன் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் போல அங்கேயும் வரவு பார்த்துப் பெயர் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நம்பியிருந்தான்.

அவள் போனதும் மகளைத் தூக்கப் போர்வையை விலக்கினான். றூபி வெறும் சீமெந்துத் தரையில் சுருண்டு கிடந்தாள். பாய் கதவுக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்தது. மூத்திர மணம். சட்டையும் ஈரம். விடியப்புறம் அவன் கண்ணயர்ந்த நேரத்தில் நடந்திருக்கவேண்டும்.

"ஏன் அப்பாட்டச் சொல்லல்ல?"

"அடிப்பீங்க."

"நான் எப்பயாவது அடிச்சனா?"

இல்லையென்று தலையாட்டினாள். ஆனால் கண் அவன் கையிலேயே நின்றது.

ஒருநாளும் ஓங்காத கை. கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பான். பயத்தில் கூப்பிடாமல் ஈரத்தோடு கிடந்திருக்கிறாள்.

ஒரு வருடமாகத் தேவாலயத்தில் முன்வாங்கில் இருந்தும் எஸ்தரைப் பற்றி அவனும் ஆண்டவரிடம் ஒரு சொல் கதைத்ததில்லை.

இரண்டாம் மணி அடித்தது. வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். மழைச்சட்டையை ஆணியில் கொழுவினான். மகளின் ஈரச்சட்டையைக் கழற்றி, எஸ்தரின் பழைய சேலையால் சுற்றி, மடியில் வைத்து மல்லித்தண்ணி பருக்கினான். கூரைத் தகரம் அடித்துக்கொண்டது. ஒவ்வோர் அடிக்கும் அண்ணாந்து பார்த்தான்.

"செபம் சொல்லுவமா அப்பா?"

"ஓம்."

"எங்கள் பிதாவே" என்று தொடங்கினான். அதற்குமேல் போக முடியவில்லை. எஸ்தர் செத்த அன்றும் வராத அழுகை வந்தது.

றூபி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்னக் கை இன்னும் சுட்டது.