யாரும் வாசிக்காத இடம்

நாங்கள் நால்வரும் தனித்தனியே ஜாஸ் குழு நடத்திப் பேர் வாங்கியவர்கள். ஒன்றுசேர்ந்து முதல் ஆல்பம் பதிவு செய்தபோது, பாட்டின் நடுவே டிரம்ஸ்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு, பேஸ் கிட்டார் வாசிக்கும் என்னைப் பார்த்து ‘நீங்க வாசிங்க’ என்பதுபோல் தலையாட்டினார். நான் பியானோக்காரருக்குத் தலையாட்டினேன், அவர் சாக்ஸபோன்காரருக்கு, அவர் டிரம்ஸ்காரருக்கே. அடுத்தவரை வாசிக்கச் சொல்லியே பழகிய நால்வரும் வாசிக்காமல் நின்றோம்.

“அண்ணே, நீங்க எடுப்பீங்கன்னுல்ல பாத்தேன்!” என்றார் டிரம்ஸ்காரர்.

“கருமம், அதை வெட்டிடுங்க” என்று ஒலிப்பதிவாளரிடம் சொன்னேன். மறந்து தொலைத்தார்.

விமர்சகர்கள் அந்த மௌனத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். போன ஊரிலெல்லாம் அதற்குத்தான் கைதட்டல். அதற்கும் ஒத்திகை பார்த்தோம். பியானோக்காரர் ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டுக் கெடுத்தார்.

இப்போது பிரிந்துவிட்டோம். பாட்டுகளைச் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டோம். அந்த மௌனம் யாருடையது என்பதற்குத்தான் ஆளுக்கொரு வக்கீல் வைத்திருக்கிறோம். சந்தேகமென்ன, என்னுடையதுதான்.