மருதாசலத்தைச் சாய்த்த குத்தின் சத்தம்

"படுத்தாருன்னு சொல்லு குப்பாயி. உழுந்தாருன்னு..."

"உழுந்தாருக்கா. மூவாயிரம் சனம் பார்த்துச்சு. என்ற ஊட்டுக்காரரு குத்துனாரு, மாமா..."

"நூத்திப் பன்னெண்டு கிலோவ உன்ற ஊட்டுக்காரரு சாய்ச்சுப் போட்டாராக்கும். ஒரு மூட்டை தவுட்டத் தூக்கறதுக்கே ரெண்டு பேர்த்தக் கூப்புடற மனுசன்."

"தவுடு கனமுங்க்கா. மாமா அன்னைக்கு அத்தனை கனமா நிக்கல."

வரப்புக்கு அந்தப் பக்கம் அக்கா சுப்பம்மாளும், இந்தப் பக்கம் தங்கை குப்பாயியும் நின்று, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் இரைச்சலுக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பன் காட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்ட இருவரும் பதினோரு வருடமாக அந்த வரப்பைத் தாண்டியதில்லை. சுப்பம்மாளின் வீட்டுக்காரர் மருதாசலத்தை, குப்பாயியின் வீட்டுக்காரர் தனபால் அந்தப் பதினோரு வருடத்துக்கு முன்புதான் மல்லசமுத்திரம் பண்டிகையில் ஒரே குத்தில் சாய்த்தார். அந்தக் குத்துக்குச் சத்தமே இல்லை.

முட்டை விலை இறங்கியிருந்த வாரம் அது. பண்டிகைக் கமிட்டியார் சந்தைத் திடலில் கயிறு கட்டி, கனத்த ஆட்களுக்கான குத்துச்சண்டை வைத்தார்கள். சகலைகள் இருவரும் ஒரு காலத்தில் ஒரே ரிக் வண்டியில் அரியானாப் பக்கம் போர் போடப் போய், அங்கே கையுறை மாட்டப் பழகி வந்தவர்கள். இரண்டாவது சுற்றில் தனபாலின் வலது கை மருதாசலத்தின் தாடைக்குப் போனது. மருதாசலம் மரம் சாய்வது போலச் சாய்ந்தார், திடலில் தூசி எழுந்தது, நடுவர் அன்பரசு பத்து வரை எண்ணினார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. குத்து விழுந்த சத்தம் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. கைப்பேசியில் படம் பிடித்தவர்கள் நாற்பது பேர். சேலத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் அத்தனையையும் போட்டுக் கேட்டார். அந்த நொடியில் நாய் ஒன்று குரைத்ததும், பொரிக்கடைக்காரர் தன் படியைத் தட்டியதும் தெளிவாக இருந்தன. குத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

சத்தமில்லாத அடி அடியா என்று கேட்டவர்கள் ஒரு கட்சி. சகலைக்குச் சகலை பேசிவைத்துக்கொண்டார்கள் என்றார்கள் அவர்கள். மூவாயிரம் பேரும் கூச்சல் போட்டால் என்ன கேட்கும் என்றது இன்னொரு கட்சி. லாரிக்காரர்கள் இந்த வழக்கை நாக்பூர் வரை கொண்டுபோனார்கள். அங்கிருந்து வேறு யாரோ அசாமுக்குக் கொண்டுபோனார்கள். சத்தம் எங்கே போனது என்று தேடவும் ஆள் இருந்தது. ஓமலூரில் கேட்டது என்றார்கள், போய்ப் பார்த்தால் வெடித்த டயர். ராசிபுரத்தில் ஒரு நெய் வியாபாரி தன் டின்னுக்குள் கேட்டதாகச் சத்தியம் செய்தார், திறந்தால் நெய்தான் இருந்தது.

சுப்பம்மாள் முதல் நாளிலிருந்து ஒரே பேச்சில் நின்றாள்: என்ற ஊட்டுக்காரரைச் சாய்க்க ஆள் பிறக்கவில்லை, தங்கச்சி புருசன் தலை குனியக் கூடாதென்று தானாகப் படுத்தார். வீட்டுக்காரரின் பலத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. மருதாசலம் அந்த வட்டாரத்தில் பேர் போன டிரில்லர். பூமிக்குள் ஐந்நூறு அடியில் இருப்பது கெட்டிப் பாறையா, வெடிப்பா, வெறும் பொந்தா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். குழிக்குள் ஒரு கல்லைப் போட்டுவிட்டு, பைப்பில் காதை வைத்துப் படுத்தால், கல் அடியில் விழும் சத்தம் வரும்வரை எழுந்திரிக்க மாட்டார். அது ரிக் வண்டிக்காரர்களின் பழக்கம். மழை வந்தாலும் படுத்திருப்பார். சும்மா விழுந்து காட்டிய ஆள் தண்ணீர் இருக்கிறது என்றால் எப்படி நம்புவது என்று முதலில் ஒருவர் கேட்டார், பிறகு எல்லோரும் கேட்டார்கள். ஆறே மாதத்தில் அவரை ரிக்கில் ஏற்ற ஆளில்லை. கோழிப் பண்ணையில் முட்டை அட்டை அடுக்கப் போனார். அடி பட்டதா என்று நேராகக் கேட்டவர்களிடம், "தெரியலீங்க. சத்தம் கேட்கலீங்களே" என்றார். காதால் மட்டுமே எதையும் அறிந்த மனிதரால் வேறென்ன சொல்ல முடியும். தனபாலும் அதற்கு மேல் தெளிவாக இல்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் சுத்தியல் பிடிக்கும்போதெல்லாம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

இந்த வருடம் தனபாலின் கிணறு வற்றியது. கைலாசத்தின் ரிக் வண்டி வந்தது. எண்ணூற்று எழுபது அடி போயும் புழுதிதான் வந்தது. அக்காளும் தங்கையும் தவிட்டு மூட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ராடு மாற்றுவதற்காக கம்ப்ரெசரை நிறுத்தினார்கள். அப்போது குழிக்குள்ளிருந்து ஒரு சத்தம் மேலே வந்தது. ஈர மணலில் தேங்காய் மூட்டை விழுந்தது போல, ஒன்றே ஒன்று. அதைத் தொடர்ந்து யாரோ மூச்சு விடுவது பத்துத் தடவை கேட்டது. பின்னால் கொஞ்சம் புழுதி வந்தது, அதில் பண்டிகைப் பொரி வாசம் இருந்தது. அது என்ன சத்தம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தனபால் தன் வலது கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார்.

கைலாசம் வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்து, "ஏனுங்க மருதாசலண்ணா, கொஞ்சம் வந்து கேளுங்க" என்றார். பதினோரு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை அவரைத் தேடி வரவில்லை. மருதாசலம் மண்வெட்டியை வைத்துவிட்டு வரப்பைத் தாண்டி வந்தார். பைப்பில் காதை வைத்துப் படுத்தார். பண்ணையிலிருந்து முட்டை வண்டி வந்து திரும்பிப் போகும் நேரம் வரை படுத்திருந்தார். சத்தம் இரண்டாம் தடவை வந்தது.

குத்து இல்லை, வெறும் பொந்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பலம் ஊருக்குள் அப்படியே நின்றிருக்கும். அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"கெட்டிங்க. பொந்து இல்ல. முழுசா எறங்கியிருக்குது" என்றார். பிறகு, "இன்னும் இருவதடி ஓட்டுங்க. தண்ணி இருக்குது."

கைலாசம் ஒரு பீடி பற்றவைத்து அணைக்கும் நேரம் யோசித்தார். "சொல்றது மருதாசலண்ணன். ஓட்டுங்கப்பா" என்றார். எண்ணூற்றுத் தொண்ணூறாவது அடியில் தண்ணீர் பனை உயரம் எழுந்தது. தனபால் நனைந்தபடி வந்து, "அப்ப என்ற கை பட்டுதுங்களாண்ணா?" என்று கேட்டார். "பட்டுது சாமி" என்றார் மருதாசலம். மறுவாரமே அவர் ரிக் வண்டியில் ஏறினார்.

மோட்டார் இறக்கியபிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. காலையில் சுவிட்சைப் போட்டதும் முதலில் அந்தச் சத்தம் வரும், பிறகு பத்து மூச்சு, பிறகு தண்ணீர். முதல் இரண்டு நாள் எருமைகள் மிரண்டன. அப்புறம் பால் குறையவில்லை. குப்பாயி பத்து எண்ணிவிட்டுக் குடத்தை வைக்கப் பழகிக்கொண்டாள். கேட்க வந்தவர்களில் ஓரிரண்டு பேர், குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும் என்றார்கள். அவர்களுக்கும் அவள் மோர் கொடுத்தாள்.

சுப்பம்மாள் ஒன்பதாம் நாள்தான் வரப்பைத் தாண்டி வந்தாள். மருதாசலமும் கூட வந்தார். "வாக்கா" என்று குப்பாயி சுவிட்சைப் போட்டாள். குத்தின் சத்தத்துக்கு சுப்பம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள், தோற்றதை ஒத்துக்கொள்வது போல. மூச்சு தொடங்கியதும் குனிந்தாள். முப்பது வருடம் பக்கத்தில் கேட்ட மூச்சு அது; தூக்கத்தில் எப்படி, மயக்கத்தில் எப்படி, விழித்திருக்கும்போது எப்படி என்று அவளுக்குத் தெரியும். பத்தாவது மூச்சு முடிந்தது. தண்ணீர் அவள் கால் மேல் விழுந்து வாய்க்காலுக்கு ஓடியது. அவள் நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"அடி நெசந்தானுங்க, ஒத்துக்கறேன். ஆனா பத்து எண்ணி முடிக்கற வரைக்கும் முழிச்சுட்டுத்தான படுத்திருந்தீங்க... அந்தச் சத்தம் வரட்டும்னா காத்துட்டிருந்தீங்க?"