சுவாமி ஹிப்போலித்தின் முகம்

சுவாமி ஹிப்போலித் ஆரம்பித்த, பள்ளிக்கூடம் நடத்தும் போதகச் சகோதரர் சபையில் சேர்ந்த எவனுக்கும் ஒரு வருஷத்துக்குள் அவருடைய முகமே வந்துவிடும். வளைந்த மூக்கு, அதன் இடப்பக்கம் ஒரு மரு, கெட்ட வாடை பட்டதுபோல் சுளித்த மேலுதடு, எல்லாம் அப்படியே. வேலே என்ற அந்த மலைநாட்டில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராஜாக்கள் திரும்பி வந்து மறுபடியும் ஓடிப்போன காலம் அது. மூக்கு மாறுவதா பெரிய விஷயம்? ‘எல்லாவற்றிலும் ஸ்தாபகரைப் போலாகுங்கள்’ என்று சபை ஒழுங்கின் முதல் வரியில் சுவாமியே எழுதியிருந்தார், சேர்ந்தவர்கள் கீழ்ப்படிந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம். நேற்று காதைத் திருகியவர் யார், இன்று ஜெபம் சொல்லித்தருகிறவர் யார் என்று புரியாமல் எல்லாருக்கும் ஒரே அளவாகப் பயந்தார்கள். அதுவே தம் கல்விமுறையின் வெற்றி என்று சுவாமி ஆயருக்கு எழுதினார்.

முகம் மாறாதவர் சமையல்காரச் சகோதரர் சில்வேர் ஒருவர்தான். உருண்டை முகமும் விரிந்த காதுமாகப் பிறந்தபடியே இருந்தார். விசுவாசம் பற்றாக்குறை என்று சுவாமி தீர்மானித்தார். சபையில் நிரந்தரமாகச் சேர்க்கும் நித்திய வார்த்தைப்பாட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். மற்றவர்கள் பெஞ்சில் அமர்ந்து பருப்புக்கஞ்சி குடிக்க, அதைக் காய்ச்சியவரை நடுத்தரையில் முழங்காலில் நிறுத்திக் குடிக்க வைத்தார். இப்படியே வருஷங்கள் ஓடின. சில்வேருக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும், அவரும் மனிதர்தானே.

பிறகு சபைக்கு அங்கீகாரம் வாங்க சுவாமி ரோமாபுரிக்குப் போனார். அங்கே கர்தினால்மார்களின் வாசலில் காத்துக் காத்து அங்கி நைந்து, வெறுங்கையோடு ஒரு பனிக்காலத்தில் திரும்பினார். வாசல் காத்த சகோதரர் “எங்கய்யா ஊர் சுத்திட்டு வர்றீரு? மணி அடிச்சு எவ்ளோ நேரமாச்சு?” என்று விரட்டி உள்ளே தள்ளினார். தலைவர் நாற்காலியில் கணக்கு வாத்தியார் பாசியன் இருந்தார். சுவாமி இல்லாத நாளில் யாரோ ஒரு விதவை, ஸ்தாபகர் இவர்தான் என்று நினைத்து, அவர் கையை முத்தமிட்டிருக்கிறாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

“நான்தான் ஹிப்போலித்” என்று கத்தினார் சுவாமி. பெஞ்சுகளில் அதே மூக்குகள் வரிசையாகத் திரும்பிப் பார்த்தன. தன்னைப் பெரிய ஆளாகச் சொல்லிக்கொள்கிற சகோதரனுக்குச் சாகும்வரை சமையல்கட்டு. அது சுவாமியே எழுதிய தண்டனை. ஆனாலும் பாசியனுக்குக் கொஞ்சம் மனச்சாட்சி உறுத்தியது. சொந்த முகம் உள்ளவன் பொய் சொல்லமாட்டான் என்று சில்வேரைக் கூப்பிட்டார்.

சில்வேர் ஒரு கிண்ணம் கஞ்சியை நீட்டினார். வந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு, கரண்டியால் கிண்ணத்தின் விளிம்பைத் தட்டி, “உப்பு எங்க?” என்றார். வருஷக்கணக்கில் கேட்ட அந்தத் தட்டல் சில்வேருக்கு முதுகுத்தண்டு வரை தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் சுவாமிக்கு நாற்காலி, தனக்குப் பழையபடி தரை.

“எனக்கு எல்லா மூஞ்சியும் ஒண்ணாத்தான் தெரியுது சாமி. என் விசுவாசம் பத்தாதுன்னு உங்களுக்கே தெரியுமே” என்றார் பாசியனைப் பார்த்து.

சமையல்கட்டில் கதவைச் சாத்தியதும் சுவாமி சில்வேரின் கையைப் பிடித்தார். “சில்வேர், உனக்குத் தெரியும்டா. போய்ச் சொல்லுடா.”

“சமையல்கட்டுல பேசக்கூடாது பிரதர். ஒழுங்குல இருக்கு” என்று சில்வேர் டர்னிப் கிழங்குக் கூடையை அவர் முன்னால் தள்ளினார்.

முதல் வருஷம் சுவாமி விரலை வெட்டிக்கொண்டார், சபித்தார், அழுதார். அடுத்த வருஷம் தோலை மெல்லியதாகச் சீவக் கற்றார். பாசியன் புகழோடு செத்து, ஸ்தாபகர் என்ற பெயரில் பளிங்குக் கல்லறைக்குப் போனார். அதைத் தொட்டுப் பல்வலி நீங்கியதாகச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நீங்கியது. சுவாமி அன்றைக்கும் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சில்வேர் உப்பு போடும்போது எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து, சுவாமிக்கு மூக்கு மழுங்கியது, மரு உதிர்ந்தது, கன்னம் உருண்டது, காது விரிந்தது.

ஒரு சந்தை நாளில் லேஸ் விற்கிற அகாத்தம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சில்வேரிடம் கேட்டாள், “இவரு யாரு, உங்க கூடப்பொறந்தவரா?”

சில்வேர் ஒரு முட்டைக்கோசை எடுத்துச் சுவாமியின் கூடையில் வைத்தார்.

“ஆமாம்மா, மூத்தவரு” என்றார். “கூடையை இந்தக் கைக்கு மாத்துங்கண்ணே, உங்களுக்குத் தோள் வலிக்கும்.”