பிக்கப் இல்லாத பிக்கப்

மீன் தொட்டி செய்பவருக்கு அன்று காலை வரை தன் வண்டியின் மேல் ஒரு குறையும் கிடையாது. டர்போ வைத்த பெட்ரோல் பிக்கப். வாங்கி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. பெற்ற பிள்ளையைத் துடைப்பதுபோல் தினமும் துடைப்பார்.

அன்று ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பெரிய தொட்டி ஒன்றைக் கொண்டுபோனார்கள். கண்ணாடியை வெட்டி ஒட்டுவது அவர் வேலை. உள்ளே மணலும் கல்லும் செடியும் வைத்து அதைக் குட்டிக் குளமாக்குவது அவர் மனைவியின் வேலை. பின்னால் தொட்டி, மணல் மூட்டைகள், கற்கள். முன்னால் அவர்கள் இரண்டு பேர். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில்.

பக்கச் சாலையிலிருந்து மேடேறிப் பெரிய சாலையில் கலக்க வேண்டிய இடம். வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். ஒரு டேங்கர் லாரி நல்ல தூரத்தில் வந்துகொண்டிருந்தது. தாராளமாகப் போய்விடலாம் என்று மிதித்தார்.

வண்டி போகவில்லை. இன்ஜின் கத்தியது, சக்கரம் உருண்டது, வேகம் மட்டும் வரவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அதற்குள் பாதி வண்டி பெரிய சாலைக்குள் நுழைந்துவிட்டது. நிறுத்தினால் லாரியின் வழியில் நிற்க வேண்டும். ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. கண்ணை மூடினாரா திறந்திருந்தாரா என்று அவருக்கே தெரியாது. ஸ்டியரிங்கை ஓரத்துக்கு ஒடித்தார். பெரிய இரும்புச் சுவர் ஒன்று ஜன்னலை ஒட்டி ஓடி மறைந்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் பக்கத்துக் கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

ஓரத்தில் நிறுத்தினார். மனைவி இரண்டு கைகளையும் டாஷ்போர்டில் ஊன்றியபடி இருந்தாள். அழவில்லை. அடிபட்டதா என்று அவர் கேட்டதற்கு, யாரோ வழிப்போக்கர் கேட்டதுபோல் பார்த்தாள். பின்னால் தொட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது அவரை இன்னும் கலங்கடித்தது.

கிளினிக்கில் அவள் ஒரே கல்லை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். என்ன பொறுமை என்று டாக்டர் பாராட்டினார். அவள் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறாள் என்பது கணவருக்கு மட்டும் தெரிந்தது.

மறுநாள் அவளுடைய அண்ணன் வந்தார். ஒரு பெட்ரோல் பங்கில் மேனேஜர். எந்த வண்டியைப் பார்த்தாலும் அதற்கு என்ன ஊற்றுகிறார்கள் என்றுதான் முதலில் கேட்பார். இந்த வண்டி வந்த நாளிலிருந்தே விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை கணவரோ, அது பங்க்காரர்கள் காதில் பூச்சுற்றும் வேலை என்று சிரித்து, சாதாவையே போட்டு வந்தார். பிக்கப் வண்டிக்கே பிக்கப் இல்லை என்றால் எப்படி என்று வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சுகூட உண்டு. அன்று யாரும் சிரிக்கவில்லை.

"மாப்பிள்ளை, நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் அண்ணன். "என் தங்கச்சி உயிரோட விளையாடிட்டீங்களே."

தொட்டிக்காரர் வண்டிச் சாவியை எடுத்தார். எழுந்து வெளியே போனார். டேங்கில் இருந்த சாதா தீரும்வரை ஊரைச் சுற்றினார். பிறகு பிரீமியம் நிரப்பி மறுபடி சுற்றினார். காலி வண்டி பறந்தது. கால் வைப்பதற்கு முன்பே கிளம்பியதுபோல் இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவர் சாலையோரத்தில் நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இவ்வளவு சின்ன விஷயத்தில் பிடிவாதம் பிடித்து, கட்டியவளைச் சாகக் கொடுக்கப் பார்த்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

வீட்டில் வந்து சொன்னார். மனைவி முழுவதும் கேட்டாள்.

"காலி வண்டியிலயா பாத்தீங்க?"

"ஆமா."

"அன்னைக்கு இருந்த பாரத்தை ஏத்துங்க. நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"அன்னைக்கும் நான் இருந்தேன்ல."

மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்னால், ஆள் நடமாட்டமில்லாத ஏற்றம் ஒன்று உண்டு. உச்சி வெயிலில் மணல் மூட்டைகளோடு அங்கே போனார்கள். எதிரில் வண்டி வராமல் பார்த்துக்கொள்ள அண்ணன் மேட்டின் உச்சியில் நின்றார். தன் பேச்சு பலித்ததைக் கண்ணால் பார்க்கப்போகிற நிமிர்வு அவரிடம் இருந்தது.

தொட்டிக்காரர் மிதித்தார். இன்ஜின் கத்தியது. வண்டி முக்கி முனகி ஏறியது. பின்னாலிருந்து பிடித்து இழுக்கும் அதே கை. டேங்க் நிறைய பிரீமியம் இருந்தும் அதே கை. காலை எடுக்கவும் தோன்றவில்லை, அழுத்தவும் தோன்றவில்லை. வண்டி தானாகவே தளர்ந்து நின்றது.

"சத்தம் கேட்டுச்சா?" என்றாள் மனைவி.

"என்ன சத்தம்?"

"குக்கர்ல விசில் வர்றதுக்கு முன்னாடி புஸ்ஸுனு வருமே, அது. அன்னைக்கும் வந்துச்சு. லாரியைப் பாத்ததுல எல்லாமே மறந்துபோச்சு. இப்பதான் ஞாபகம் வருது."

நேரே மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் பானெட்டைத் தூக்கி, கையைக் கீழே விட்டுத் துழாவினார். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். மேலிருந்து பார்த்தால் தெரியாது. காலி வண்டி சமதரையில் போகும்போது அது மூடியே இருக்கும், பாரத்தோடு மேடேறினால் அழுத்தம் தாங்காமல் வாய் பிளந்து காற்றெல்லாம் வெளியே போய்விடும் என்றார்.

அண்ணன் விடவில்லை. பிரீமியம் போட்டும் ஏன் இழுக்கவில்லை என்று கேட்டார்.

"மூச்சு முட்டுறவனுக்கு விருந்து வச்சா ஓடுவானா?" என்றார் மெக்கானிக்.

மெக்கானிக் மறுபடி கையை விட்டு, குழாயை ஒட்டியிருந்த ஒரு தகரக் கிளிப்பைக் கழற்றி எடுத்தார். கிளிப்பின் விளிம்புதான் அதிர்ந்து அதிர்ந்து ரப்பரை அறுத்திருந்தது. அதில் ஒரு ஒயர் ஓடியது.

"இது கம்பெனிது இல்லையே. யாரு மாட்டினது?"

தொட்டிக்காரர் அந்த ஒயரைப் பார்த்தார். தூரத்து ஊர்களுக்கு மீன்களை உயிரோடு கொண்டுபோக, பின்னால் காற்று பம்ப் ஓட வேண்டும் என்று பேட்டரியிலிருந்து அவரே இழுத்த ஒயர். யாரிடமும் கேட்காமல் தானே செய்ததில் அவருக்கு ரொம்பப் பெருமை. நாலு பேரிடம் காட்டியும் இருந்தார். இப்போது கிளிப்பை வாங்கி அதன் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். லாரி இல்லை, பெட்ரோல் இல்லை, அவருடைய கைதான்.

"நான்தான்," என்றார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"டார்ச் புடிச்சது நான், அண்ணா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாட்டினோம்."

புதுக் குழாய் போட்டார்கள். ஒயரை இன்ஜின் பக்கமே வராமல் வேறு வழியில் கொண்டுபோனார் மெக்கானிக். அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சாதாவில் சில நாள், பிரீமியத்தில் சில நாள் ஓட்டிவிட்டு, அதே மேட்டில், அதே பாரத்தோடு, அதே வெயிலில் ஏற்றிப் பார்த்தார்கள். வித்தியாசம் இருந்தது. பிரீமியத்தில் வண்டி கொஞ்சம் துடிப்பாக ஏறியது, உச்சியைத் தொடும்போது கொஞ்சம் கூடுதல் வேகம். பாரத்தை இறக்கிவிட்டுப் பார்த்தபோது எது எதுவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெயிலும் பாரமும் சேரும்போது சாதா பெட்ரோல் இன்ஜினுக்குள் நேரத்துக்கு முந்திக்கொண்டு வெடிக்கப் பார்க்கும், அப்போது வண்டியே தன் வேகத்தை அடக்கிக்கொள்ளும், பிரீமியத்தில் அந்தத் தொல்லை குறைவு என்று மெக்கானிக் விளக்கினார்.

"கொஞ்சம்தான், மாப்பிள்ளை," என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "அன்னைக்கு இது காப்பாத்தியிருக்காது. நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க."

தொட்டிக்காரர் அதை வைத்துக்கொள்ளவில்லை. அவர் மனதில் உட்கார்ந்துகொண்டது வேறு. காலி வண்டி பறந்த அந்த நாள். பறந்தது என்று அவர் சத்தியம் செய்திருப்பார். கிழிந்த குழாயோடு ஓடிய வண்டி அது. மனைவி மட்டும் பாரம் ஏற்றச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்த நம்பிக்கையிலேயே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே சாலையில் ஏறியிருப்பார். இதை நினைக்கும்போதெல்லாம் செய்கிற வேலை கையிலேயே நின்றுவிடுகிறது.

அடுத்த பெரிய தொட்டி ஒரு பள்ளிக்கூடத்துக்கு. பாரம் ஏற்றி முடித்ததும் மனைவி முன்னால் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். குழாயைப் பார்த்தாயிற்றா என்று கேட்டாள். காலையிலேயே பார்த்தாயிற்று என்றார் அவர். சாவியைப் போடப் போனவர் போடாமல் இறங்கி, பானெட்டைத் திறந்து இன்னொரு தடவை கையை விட்டுத் தடவினார். அவள் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தாள்.