கரையானுக்குக் குளிர் வைத்தியம்

என் கணவர் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். மீன், உருளைக்கிழங்கு, வெண்ணெய் என்று எது கெட்டுப்போகப் பார்த்தாலும் குளிரைக் கூட்டிவிட்டால் அடங்கிவிடும் என்பது அங்கே அவர் கற்ற பாடம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். நாங்கள் சண்டை போட்டால்கூட முதலில் ஜன்னலைத்தான் திறப்பார். இன்னொரு நல்ல குணமும் உண்டு. யார் பேசினாலும் முதல் பாதியை மட்டும் கேட்பார். மீதி தனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

எங்கள் மலையூரில் குளிர் தொடங்கிய வாரத்தில் என் தையலறைச் சுவரோரம் விரல் நீளத்துக்கு ஒரு மண்கோடு தெரிந்தது. கரையான்தான். அந்த அறை சும்மா கிடைத்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து சமையலறை மூலையில் மெஷினைப் போட்டுத் தைத்தவள் நான். தைத்துக் கொடுத்த சட்டையில் வெங்காய வாசனை அடிக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. பழைய சாமான் அடைத்துக் கிடந்த பின்னறையைக் கெஞ்சியும் மிஞ்சியும் வாங்கி, மரப்பலகைத் தரையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வெட்டும் மேசை போட்டுக்கொண்டேன். அந்தத் தரையைக் கரையான் தின்றால் நான் மறுபடி வெங்காயத்துக்குப் பக்கத்தில்.

கரையானுக்கு மருந்தடிப்பவரை வரவழைத்தேன். அவர் திருப்புளியின் பிடியால் பலகையைத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"குளிர் காலத்துல இதுங்க மண்ணுக்குள்ள ஆழமாப் போயிடும் சார். ஆனா வீட்டுக்குள்ள எங்கயாவது..."

"போயிடும்ல? அப்புறம் என்ன!" என்று என் கணவர் அவர் தோளில் கை போட்டு, மருந்துக் கேனோடு வாசல் வரை தள்ளிக்கொண்டே போய் விட்டுவிட்டு வந்தார். பாவம், அந்த மனுஷர் திறந்த வாயை மூடவே இல்லை.

அன்றிலிருந்து வீடு கிடங்காகிவிட்டது. ஹீட்டர்கள் அணைந்தன, ஜன்னல்கள் திறந்தன. அறைக்கு ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. தண்ணீர்க் குழாயைத் தொட்டால் கை ஒட்டிக்கொண்டது. எங்களோடு இருக்கும் அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, கட்டிலை விட்டு இறங்க மறுத்தார். போர்வைக் குவியலுக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

"தம்பி, கரையானுக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்குடா."

"பொறுத்துக்கோக்கா. கிடங்குல இத்தனை மீன் இருக்கு. ஒண்ணாவது வாயைத் திறக்குதா?"

"அதெல்லாம் செத்த மீனுடா!"

எனக்குத் தையலறைக்குள் போகத் தடை. மூச்சுக்காற்றின் சூடுகூட ஆகாதாம். மெஷினைச் சமையலறைக்கு இழுத்துவந்து, கையுறை மாட்டிக்கொண்டு தைத்தேன். ஒரு நாள் கையுறையின் கட்டைவிரலையும் சேர்த்து ஒருவருடைய கால்சட்டைப் பையில் தைத்துவிட்டேன். அவர் அதை ஏதோ புது மோஸ்தர் என்று நினைத்துப் போட்டுக்கொண்டு போனார்.

என் கணவர் மட்டும் சாப்பிட்டு முடித்ததும் தொப்பி, கோட்டு, கழுத்துத்துணி சகிதம் தையலறைக்குள் ரோந்துக்குப் போவார். கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் இருப்பார். வெளியே வரும்போது கன்னம் சிவந்திருக்கும். கடமை உணர்ச்சி என்று நினைத்து நான் மனசுக்குள் கொஞ்சம் உருகிக்கூடப் போனேன். என்னைச் சொல்ல வேண்டும்.

ஒரு சாயங்காலம் பொத்தான் டப்பா தேவைப்பட்டது. தடையாவது மண்ணாவது என்று கதவைத் தள்ளினேன். வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. ஜன்னல் இறுக மூடியிருந்தது. மூலையில் ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்தது. பனியனோடு உட்கார்ந்து, என் வெட்டும் மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார் மேற்பார்வையாளர்.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். "உஷ்! தூங்குதுங்க."

ஹீட்டருக்குப் பின்னால் சுவர் முழுக்க மண்கோடுகள் கிளை விட்டு ஏறியிருந்தன. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக் காலில்கூட ஒரு கோடு பாதி தூரம் வந்திருந்தது. அவரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன். பலகை அப்பளமாக நொறுங்கி, என் கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது.

"தூங்கலைங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்குங்க," என்றேன் அங்கிருந்தே.

அவர் ஓடிவந்து தூக்கினார். "நாள் பூரா கிடங்குல குளிரு. வீட்டுக்கு வந்தா இங்கயும் குளிரு. மனுஷன் எங்கதான் போவான், சொல்லு?"

"வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்தியிருக்கலாமே!"

அவருக்கு அது தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. சத்தம் கேட்டுப் போர்வையோடு வந்த அண்ணி, ஹீட்டரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், ஹீட்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மருந்தடிப்பவர் வந்தார். சுவரைப் பார்த்துவிட்டு, "அன்னிக்குச் சொல்ல வந்த மீதியைச் சொல்லிடட்டுமா சார்?" என்றார். என் கணவர் கைகட்டி நின்றார். "வீட்டுக்குள்ள எங்கயாவது கதகதப்பா இருந்தா எல்லாம் அங்க வந்து கூடிடும். வீடு பூரா குளுர வெச்சு, இந்த ஒரு ரூமை மட்டும் சூடாக்கி, வெத்தலை பாக்கு வெக்காத குறையா அழைச்சிருக்கீங்க."

தரைப் பலகை அத்தனையும் பெயர்த்தாக வேண்டும், மண்ணில் துளை போட்டு மருந்து இறக்க வேண்டும், குளிர் முடியும்வரை அறைக்குள் யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் அழுதேன். கோபத்தில் பாதி, துக்கத்தில் பாதி. என் அறை போயே போய்விட்டது. யாருக்கு என்ன நஷ்டம், நான்தானே வெங்காயத்தோடு உட்காரப்போகிறேன்!

என் கணவர் வெட்டும் மேசையைக் கழுவித் துடைத்து, தனியாளாகத் தலையில் தூக்கிக்கொண்டார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சமையலறைக் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் என்னைத் தாண்டி நேரே கூடத்துக்குப் போனார். தன் சோபாவை முழங்காலால் இடித்துத் தள்ளி, பெரிய ஜன்னலுக்குக் கீழே மேசையை இறக்கினார். திரும்பி வந்து மெஷினையும் எடுத்துப் போனார்.

"டேய், வர்றவங்க எங்கடா உக்காருவாங்க?" என்றார் அண்ணி.

"எதுக்கு உக்காரணும்? நின்னு அளவு குடுத்துட்டுப் போகட்டும். இனிமே இது அவ எடம். பலகை போட்டு முடிச்சாலும் இதுதான்."

திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப்போனது. இவரை எனக்குப் பிடிக்கும், என்ன செய்வது.

 அண்ணி போர்வையை உதறிவிட்டு என் முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"அப்ப எனக்கு மொதல்ல எடும்மா. நல்லா தடியா ஒரு கோட்டு. இவன் அடுத்த வருஷம் எலியைக் குளுர வெக்கக் கிளம்புவான்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவு நாடாவை எடுத்தேன்.