ஆற்றைக் கடக்கும் பாட்டு

ஒரு படை அடையாற்றைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? பரத்வாஜின் கணக்கில் நான்கு நிமிடம், பத்து நொடி. அதுவும் ஒரே ஓட்டமாக.

ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறாம் ஆண்டில் நடந்த அடையாற்றுப் போரை எட்டுப் பாட்டுகளாக்கி, ஒரு ஹெவி மெட்டல் ஆல்பம் போட்டுவிட வேண்டும் என்பது அவனுடைய இருபது வருட ஆசை. வடகரையில் பீரங்கிகளோடு நவாபின் பத்தாயிரம் பேர். தென்கரையிலிருந்து ஆற்றில் இறங்குகிறது, புதுச்சேரியிலிருந்து வந்த சின்னஞ்சிறு பிரெஞ்சுப் படை. கடைசியில் ஓடியவர்கள் அந்தப் பத்தாயிரம் பேர்தாம். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, வங்கி மேலாளராகி, தலை பாதி வழுக்கையான பிறகும், இந்தக் கதையைச் சொல்லும்போது பரத்வாஜின் குரல் உச்சத்துக்கு ஏறிவிடும்.

ஏழு பாட்டுகள் முடிந்துவிட்டன. படை ஆற்றைக் கடக்கும் ஐந்தாவது பாட்டுதான் முரண்டு பிடித்தது. காரணம், டிரம்ஸ் வாசித்த அசோகன்.

இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. அடையாறு கடலில் கலக்கும் பட்டினப்பாக்கத்துக் கரையில், குடிசையில் வளர்ந்தவன் அசோகன். இப்போது அவன் குடும்பத்தையும் சேர்த்து அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றிவிட்டார்கள். அவனுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் எலெக்ட்ரீஷியன் வேலை. ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி, தி. நகரில் ஹஸன் நடத்தும் ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்குக் குச்சிகளோடு வந்துவிடுவான். இருபத்தைந்து வருடங்களில் பரத்வாஜ் கிதார் வாசித்த பாட்டு எதற்கும் வேறொருவர் டிரம்ஸ் வாசித்ததே கிடையாது.

அந்தப் பாட்டில் மட்டும், படை தண்ணீரில் கால் வைக்கும் இடம் வந்ததும் அசோகன் பின்தங்கினான். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். தாளம் தவறாமலிருக்கக் காதில் ஒலிக்கும் கிளிக் சத்தம் ஒரு பக்கம் ஓட, அவன் ஒரு பக்கம் நடந்தான்.

"இழுக்கறேடா அசோகா! எதிர்ல பீரங்கி நிக்கறது. உயிரைக் கையில பிடிச்சுண்டு ஓடறான்."

"அந்த எடத்துல ஓட வராது மச்சி."

"ஏன் வராது?"

"கால் சொல்லுது, வராதுன்னு."

முழங்கால் வலிக்கிறது என்று போன மாதம் அசோகன் முனகியது பரத்வாஜுக்கு நினைவு வந்தது. வயது நாற்பத்தேழு. விசாரித்தால் மனம் நோகும் என்று விட்டுவிட்டான். அதோடு நின்றிருக்கலாம். அசோகன் வராத ஒரு மாலையில், அந்தப் பாட்டின் டிரம்ஸ் முழுவதையும் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடும்படி ஹஸனிடம் சொன்னான்.

"சார், அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"அவன் வாசிக்கற மாதிரியே போடுங்க. வித்தியாசம் தெரியாது."

ஊர் உலகத்தில் பாதி மெட்டல்காரர்கள் செய்வதுதானே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். அசோகன் கண்ணை மூடிக் கேட்டான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"சூப்பரா கீது. யார்பா வாசிச்சது?"

ஹஸன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் முட்டி வலிக்குமேன்னுதான்டா…" என்றான் பரத்வாஜ்.

"முட்டி என்னுது நைனா. வலிச்சா என் வாயால சொல்லமாட்டனா?"

கத்தியிருந்தால் பரத்வாஜ் தாங்கியிருப்பான். அசோகன் குச்சிகளைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். "வரேன் பாய்" என்று ஹஸனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

பத்து நாட்கள் அவன் போனை எடுக்கவில்லை. அந்தப் பத்து நாளும் பரத்வாஜ் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டான். எங்கும் ஒரு பிசகு கிடையாது; கேட்கக் கேட்கத்தான் பிடிக்காமல் போயிற்று. பதினோராம் நாள் பெரும்பாக்கத்துக்குப் போய், நான்கு மாடி ஏறிக் கதவைத் தட்டினான். அசோகனின் மனைவி ஷீலா திறந்தாள்.

"வாங்கண்ணே. பத்து நாளா சோத்துத் தட்டுல தாளம் போட்டுக்கினு கீறாரு. புண்ணியமாப் போவும், இட்டுக்கினு போங்க."

உள்ளே அசோகன் எழுந்திருக்கவில்லை. பரத்வாஜ் நின்றபடியே சொன்னான்: "தப்புடா. உன்னைக் கேக்காம உன் எடத்துல மெஷினை உக்கார வெச்சேன். அதை அழிச்சாச்சு. நீ வாசிக்கலேன்னா அந்தப் பாட்டே வேண்டாம். ஏன் அங்க இழுக்கறேன்னு மட்டும் சொல்லு."

அசோகன் தட்டில் தாளம் போடுவதை நிறுத்தினான்.

"சொன்னா உனுக்குப் புரியாது. நாளைக்குக் காலைல அரை டிரவுசர் போட்டுக்கினு முகத்துவாரத்தாண்ட வா."

மறுநாள் காலை கடல் உள்வாங்கியிருந்தது. ஆறு முழங்காலளவு, கறுப்பாக, மணல் திட்டைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

"எறங்கு."

"இதுலயா?"

"உன் பிரெஞ்சுக்காரன் எறங்குனான்ல? ஓடு மச்சி. எதிர்ல பீரங்கி கீது."

பரத்வாஜ் ஓடினான். இரண்டடி சரியாகப் போயிற்று. மூன்றாவது அடியில் மணல் கணுக்காலைக் கவ்வியது. நான்காவது அடி எடுக்கும் முன்பே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். கரையில் அசோகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு தானும் இறங்கி வந்து கை கொடுத்தான்.

"அதோ அந்தக் கொக்கப் பாரு. ஓடுதா? சின்ன வயசுலேருந்து தாண்டுறேன் இந்த ஆத்த. மணல் காலப் புடிக்கும். உருவணும். வெக்கணும். மறுக்கா உருவணும். பீரங்கி சுட்டாலும் அவ்ளோதான் ஸ்பீடு. ஓட முடியலன்றதுதான் மச்சி பயமே."

இருபது வருடமாகப் படித்த புத்தகங்கள் பரத்வாஜின் மனத்தில் வரிசையாக வந்து போயின. வீட்டிலிருந்து நடந்து வரக்கூடிய தூரம்தான் இந்த ஆறு. ஒருநாளும் அவன் இதில் கால் வைத்ததில்லை.

"இதை ஸ்டூடியோவுலயே சொல்லித் தொலைக்கறதுக்கென்னடா?"

"கால் சொல்லுதுன்னு சொன்னேன்ல? நீதான் டாக்டராயிட்ட."

சொட்டச் சொட்ட வீட்டு வாசலில் வந்து நின்ற பரத்வாஜைப் பார்த்து அவன் மனைவி ஸ்ரீலக்ஷ்மி அலறினாள். "அங்கயே நில்லுங்கோ! ஆத்துக்குள்ள ஒரு அடி வெக்கப்படாது!" வாளியோடு வந்தவள், "அசோகன் பேசினாரா?" என்று கேட்டாள்.

"பேசினான்."

"அப்போ சரி" என்று வாளியைத் தலையோடு கவிழ்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹஸன் கிளிக்கை நிறுத்திவிட்டார். அசோகன் தனியாக வாசித்து முடித்ததும், அதன் மேல் பரத்வாஜின் பழைய கிதாரைப் போட்டுப் பார்த்தார்கள். டிரம்ஸ் நடு ஆற்றில் தத்தளிக்க, கிதார் மட்டும் காய்ந்த காலோடு அக்கரையில் குதித்துக்கொண்டிருந்தது.

"உன் கிதாரு எப்பவோ கரையேறிச்சு" என்றான் அசோகன். "திரும்பி வரச் சொல்லு."

ஹஸன் பழைய கிதாரையும் அழித்தார். பரத்வாஜ் நாற்காலியை இழுத்து டிரம்ஸுக்கு எதிரில் போட்டுக்கொண்டு, கிதாரை மடியில் வைத்து, அசோகனின் வலது காலையே பார்த்தபடி உட்கார்ந்தான். அது எழுந்து, தயங்கி, டிரம்ஸின் பெடலில் அழுந்தியது. அடுத்த அடிக்கு அவனும் இறங்கினான்.